மணல்ல சுட்ட ஓட்ஸ் பிஸ்கட்

ரெண்டு மாசமா எதுவும் எழுத முடியலை. இறவைக் கம்பு அறுப்பு, அடிப்பு, அப்புறம் கடலைக்காய்க் காட்டுக்கு உழவுன்னு நேரம் ஓடிப்போச்சு. இன்னிக்கு வெள்ளாமையைப் பத்தி எழுதப் போறதில்லை. மே மாச லீவுல பேரப்பசங்க வந்திருந்தப்ப அவங்களோட சேந்து பிஸ்கட் சுட்ட கதையைச் சொல்றேன். ஐம்பத்தாறு வயசுல ஒரு சம்சாரி பிஸ்கட் சுட்டானான்னு சிரிச்சுக்கங்க, பரவாயில்லை.

பேரப்பசங்கன்னா மகளோட பிள்ளைங்க. பெரியவனுக்கு ஏழு வயசு, சின்னவளுக்கு நாலு. கோயமுத்தூர்ல அப்பார்ட்மெண்ட்ல இருக்காங்க. லீவு விட்டதும் இங்க தாராபுரம் பக்கம் நம்ம தோட்டத்துக்கு வந்துருவாங்க. ரெண்டு நாள் கன்னுக்குட்டி, கிணறு, கோழின்னு ஓடும். மூணாம் நாள் "அப்புச்சி, போர் அடிக்குது"ன்னு ஆரம்பிச்சுருவாங்க.

அன்னிக்கு பக்கத்து ஊர்ல ஒரு பெரியவர் தவறிட்டார். எங்க வீட்டுல அம்மாவும் மகளும் எழவுக்குக் கிளம்புனாங்க. சின்னப் பிள்ளைங்களை அங்க கூட்டிட்டுப் போக வேண்டாம்னு என்கிட்ட விட்டுட்டுப் போனாங்க. கிளம்பறப்ப மகள் ரெண்டு தடவை சொன்னா: "அப்பா, சோறு ஆக்கி வெச்சிருக்கோம். அடுப்புப் பக்கம் மட்டும் விட்டுடாதீங்க." சரி கண்ணுன்னு நானும் தலையாட்டினேன்.

அவ ஏன் ரெண்டு தடவை சொல்றான்னு எனக்குத் தெரியும். அதை அப்புறம் சொல்றேன்.

பத்து மணி இருக்கும். பெரியவன் அவங்க பையைக் கிளறி ஓட்ஸ் பாக்கெட்டைக் கொண்டுவந்தான். காலைல கஞ்சி காச்சிக் குடிக்கறதுக்காக அவங்கம்மா வாங்கி வந்தது. "இந்தக் கஞ்சி எனக்குப் பிடிக்காது அப்புச்சி. ஆனா இதுல எங்கம்மா பிஸ்கட் சுடுவாங்க, சூப்பரா இருக்கும்"னான். எப்படிச் சுடுவாங்கன்னு கேட்டேன். "தெரியாது. எங்களை உள்ளயே விடமாட்டாங்க. சமையலறைக்கு குட்டிக் கதவு போட்டிருக்காங்கல்ல, அதுக்கு இந்தப் பக்கம் நின்னு வாசனை மட்டும் பிடிப்போம்."

சின்னவளும் "நானும் வாசனை பிடிப்பேன்"னு சொன்னா. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, மனசு ஒரு மாதிரியும் ஆச்சு. பிஸ்கட்டைத் தின்னுருக்குதுங்க, அது எப்படி ஆகுதுன்னு பாத்ததே இல்லை.

ஓவன் எல்லாம் நம்மகிட்ட இல்லை. ஆனா கடலைக்காய் வறுக்கற மணல் இருக்கு. அலசிக் காயவெச்சு டின்னுல போட்டு வெச்சிருக்கற ஆத்து மணல். பெரிய இரும்பு வடச்சட்டியில அந்த மணலை ரெண்டு விரக்கடை உசரத்துக்குக் கொட்டி, மேல ஒரு இரும்பு வளையம் வெச்சு, அது மேல வட்டலை வெச்சு மூடினா அதுவும் ஓவன்தானுங்களே. அனல் சுத்தி நின்னா வெந்துரும். வாசல்ல வேப்பமரத்தடியில இருக்கற கல் அடுப்புல வெச்சுச் சுடலாம்னு முடிவு பண்ணினேன். மகள் சொன்னது காதுல இருந்துச்சு. இருந்தாலும் பண்ணினேன்.

முதல்ல செஞ்ச வேலை இதுதான். சாம்பலை அள்ளிட்டு வந்து அடுப்பைச் சுத்தி நாலு முழம் தள்ளி ஒரு வட்டம் போட்டேன். "இந்தக் கோட்டுக்கு உள்ள அப்புச்சி மட்டும்தான். வெளிய இருக்கற வேலை பூராவும் உங்களுது. நெருப்பு எரியறப்ப கோட்டைத் தாண்டினா அந்த நிமிஷமே அடுப்பை அணைச்சுருவேன்"னு சொல்லிப்போட்டேன். ஒரு பக்கெட் தண்ணியும் மொண்டு வெச்சேன். பெரியவன் கோட்டு ஓரமா செருப்பை வரிசையா விட்டு இன்னொரு எல்லை போட்டான். சின்னவ கால் கட்டைவிரலைக் கோட்டுல வெச்சு வெச்சு என் மூஞ்சியைப் பாத்தா. நான் அடுப்புக்குப் போகாம அப்படியே நின்னேன். ஒரு நிமிஷத்துல விரலை எடுத்துட்டா.

மாவு பிசையறதுல முதல் தப்பு நடந்துச்சு. பாக்கெட்டுல ஓட்ஸ் ஒரு டம்ளர்தான் மிச்சம் இருந்துச்சு. பத்தாதுன்னு, எங்க வீட்டுல அம்மா கூழுக்கு அரைச்சு வெச்ச கம்பு மாவு டப்பாவை எடுத்தேன். பெரியவன் ஒரு விரல் தொட்டு நாக்குல வெச்சு "உவ்வே, கசக்குது"ன்னான். நானும் தொட்டுப் பாத்தேன், நெசந்தான். காறல் அடிச்சுப் போயிருந்துச்சு. அரைச்சு ரெண்டு வாரம் ஆயிருக்கும்.

கம்புல அரிசி, கோதுமையை விட எண்ணெய்ச்சத்து கூட. முழுத் தானியமா இருக்கறவரைக்கும் மாசக்கணக்கா ஒண்ணும் ஆகாது. அரைச்சு மாவாக்கிட்டா சில நாள்லயே கசப்பு ஏறிரும். அப்ப ஓட்ஸ் மட்டும் எப்படி பாக்கெட்டுல மாசக்கணக்கா இருக்குதுன்னா, அதுலயும் எண்ணெய்ச்சத்து இருக்குங்க, ஆனா கம்பெனில ஆவியில வேகவெச்சு, அப்புறம் உருளையில நசுக்கித்தான் அவலாட்டம் ஆக்கறாங்க. கசப்பு உண்டாக்கறது அந்த ஆவியிலயே அடங்கிப்போகுது. ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தப்ப இதைச் சொன்னாங்க. ஏழு வயசுப் பையன்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. "கம்பு தூங்கிட்டே இருக்குது கண்ணு. அரைச்சா முழிச்சுக்கும். முழிச்சதை சீக்கிரம் தின்னுறணும். ஓட்ஸை வேகவெச்சு மறுபடியும் தூங்க வெச்சுட்டாங்க"ன்னேன். அவனுக்கு அது போதுமாயிருந்துச்சு.

பழைய மாவு மாட்டுத் தாழிக்குப் போச்சு. இப்பதான் அடிச்சு வெச்ச புதுக் கம்புல ஒரு கை அள்ளி, ரெண்டு பேரையும் முறத்துல கல்லு பொறுக்கச் சொன்னேன். மிக்ஸில அரைச்சுச் சலிச்சோம். யாராவது செஞ்சு பாக்கறதா இருந்தா எங்க அளவு இதுதான்:

ஓட்ஸ் ஒரு டம்ளர், மிக்ஸில ஒரே சுத்து. புதுசா அரைச்ச கம்பு மாவு அரை டம்ளர். கோதுமை மாவு அரை டம்ளர், ஏன்னா கம்புலயும் ஓட்ஸ்லயும் பிடிப்புக் கிடையாது, கோதுமை இல்லைன்னா உதுந்துரும். நாட்டுச்சக்கரை முக்கால் டம்ளர். வீட்டு வெண்ணெய் அரை டம்ளர். ஆப்பசோடா கால் ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. வறுத்து ஒண்ணுரெண்டாப் பொடிச்ச கடலைப்பருப்பு ஒரு கை. இங்க கடலைப்பருப்புன்னா நான் சொல்றது நிலக்கடலைப் பருப்புங்க. பிசையறதுக்குப் பால் ரெண்டு மூணு ஸ்பூன், அதுக்கு மேல வேண்டாம்.

வெண்ணெயும் நாட்டுச்சக்கரையும் சேத்துக் குழைக்கற வேலை பெரியவனுக்கு. கட்டியை உடைக்கற வேலை சின்னவளுக்கு. அவ உடைச்சதுல பாதி வாய்க்குள்ள போச்சு. அப்புறம் மாவைக் கொட்டிப் பிசைஞ்சு எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டித் தட்டச் சொன்னேன். பெரியவன் தட்டினது எல்லாம் ஒரே அளவு. சின்னவளோடது ஒண்ணு புளியங்கொட்டை அளவு, ஒண்ணு வறட்டி அளவு. நான் திருத்தலை. இருபத்தி நாலு வந்துச்சு. ஒரு வட்டலுக்கு ஆறுதான் இடங்கொள்ளும். அதனால நாலு ஈடு.

மணல் பத்து நிமிஷம் காயணும். அப்புறம் வட்டலை உள்ள வெச்சு மூடி, தீயை இழுத்துட்டு கங்குல விடணும். மேல் பக்கம் சிவக்காதுன்னு மூடி மேலயும் தேங்காத்தொட்டிக் கங்கு நாலு போட்டேன். இருபது நிமிஷம் கழிச்சுத் திறந்து தொட்டா மெத்துன்னு இருக்குது. வேகலைன்னு நினைச்சு இன்னும் பத்து நிமிஷம் விட்டேன். அடி கருகிப் போச்சு. முதல் ஈடு ஆறும் மணிக்கு. மணிங்கறது எங்க நாய். அது எதுவும் குறை சொல்லலை.

பிஸ்கட் அடுப்புல இருக்கறப்ப மெத்துன்னுதான் இருக்குமாம், வெளிய எடுத்து ஆறுனாத்தான் மொறுமொறுப்பு ஏறும். இது ரெண்டாவது ஈடுலதான் எனக்கே விளங்குச்சு. ஓரம் லேசாச் செவந்தா எடுத்துறணும். பிள்ளைங்களுக்கு அதுக்கப்புறம் காத்திருக்கறதுதான் பெரிய கஷ்டம். கண்ணு முன்னால இருக்குது, தொடக்கூடாது. பெரியவன் நூறு வரைக்கும் எண்ணினான். சின்னவ பதிமூணுக்கு அப்புறம் பதினேழு, இருபதுன்னு தாவித் தாவி எண்ணி அவனுக்கு முன்னாடியே நூறுக்குப் போயிட்டா.

மூணாவது ஈடு அடுப்புல இருக்கறப்ப கார் சத்தம் கேட்டுச்சு. எழவுக்குப் போனவங்க திரும்பி வந்துட்டாங்க.

எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா குளிக்காம வீட்டுக்குள்ள நுழையறதில்லை, பிள்ளைங்களைத் தொடறதில்லை. அது எங்க பக்கத்து வழக்கம். அதனால மகள் படலுக்கிட்டயே நின்னுட்டா. அடுப்பு எரியறதும், அவ பிள்ளைங்க பக்கத்துல உக்காந்திருக்கறதும் தெரியுது. "டேய்!"னு ஒரு சத்தம் போட்டா. அப்புறம் சத்தமே இல்லை. சாம்பல் கோட்டைப் பாத்தா, பக்கெட்டைப் பாத்தா, வடச்சட்டியைப் பாத்தா. என்னைப் பாத்தா. எனக்கு நாக்கு எழலை. எங்க வீட்டுல அம்மா "நீங்க என்ன வேலை பண்ணி வெச்சிருக்கீங்க"ன்னு ஆரம்பிச்சுட்டா. மகள் ஒண்ணும் பேசாம தொட்டிப் பக்கம் குளிக்கப் போயிட்டா.

இப்ப அந்தப் பழைய கதையைச் சொல்லிடறேன். 1998-ல மகளுக்கு அஞ்சு வயசு. அதே கல் அடுப்பு, அதே மாதிரி மணல், நான் கடலைக்காய் வறுத்துட்டு இருந்தேன். அவ பக்கத்துல உக்காந்திருந்தா. அப்ப ரோட்டுல ஒருத்தர் கூப்பிட்டாருன்னு எந்திரிச்சுப் போனேன். மாட்டு விலை பேசினோம். அஞ்சு நிமிஷம் இருக்குமோ என்னமோ. வடச்சட்டியை இறக்கித்தான் வெச்சிருந்தேன். இறக்கி வெச்சா ஆறிப்போச்சுன்னு குழந்தை நினைச்சுருச்சு. கடலைக்காய் எடுக்க மணலுக்குள்ள கையை விட்டுருச்சு.

அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்குது. ஓடி வந்து, அந்தக் காலத்து வழக்கப்படி இங்க் பாட்டிலைக் கவுத்துக் கையில ஊத்தினேன். சைக்கிள்ல வெச்சு டாக்டர்கிட்ட கொண்டுபோனா அவர் என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினார். இங்க், இட்லி மாவு, பேஸ்ட்டு எதுவும் போடக்கூடாது, உடனே நல்ல தண்ணியில இருபது நிமிஷம் பிடிச்சிருக்கணும்னார். அந்தப் பக்கெட் எதுக்குன்னு இப்ப உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். வலது கை விரல் மூணுல தழும்பு இன்னிக்கும் இருக்குது. சொந்தக்காரங்க எல்லாம் "பொட்டப்புள்ள கையில தழும்பு பண்ணிட்டியே, நாளைக்கு எப்படிக் கட்டிக் குடுப்பே"ன்னு சொல்லிச் சொல்லி, எனக்கு அந்தக் கையைப் பாக்கறதுக்கே பயம். நல்லபடியாக் கல்யாணம் ஆச்சு, தழும்பைப் பத்தி மாப்பிள்ளை ஒரு வார்த்தை கேக்கலை. இருந்தாலும் எனக்குள்ள அது ஆறலை. அவ சமையலறைக்குக் குட்டிக் கதவு போட்டதும் என்னாலதான்னு நினைச்சுக்குவேன்.

குளிச்சுட்டு, ஈரத்தலைல துண்டைச் சுத்திட்டு மகள் வந்தா. சாம்பல் கோட்டுக்கு வெளிய பிள்ளைங்களுக்கு நடுவுல உக்காந்தா. சின்னவ ஆறின பிஸ்கட் ஒண்ணை அவ வாயில திணிச்சா. மென்னுட்டே இருந்தா. நான்தான் ஆரம்பிச்சேன்.

"நீ சொல்லியும் கேக்கலை கண்ணு. அன்னிக்கு மாதிரி ஆகக்கூடாதுன்னு நான் இந்த இடத்தை விட்டு நகரவே இல்லை."

"தெரியுதுங்கப்பா"ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு சொன்னா: "எனக்கு கை சுட்டது அவ்வளவா ஞாபகம் இல்லீங்கப்பா. சைக்கிள்ல போனது ஞாபகம் இருக்குது. நீங்க அழுதுட்டே மிதிச்சீங்க. அப்புறம் ஒண்ணு நல்லா ஞாபகம் இருக்குது. அதுக்கப்புறம் நீங்க கடலைக்காய் வறுக்கறப்பெல்லாம் என்னை ஆத்தாகிட்ட ஆசாரத்துல உக்கார வெச்சுக் கதவைச் சாத்திடுவீங்க. தம்பியை மட்டும் கூட வெச்சுக்குவீங்க. அவன் என்னை விடச் சின்னவன். அவனைச் சுடாதா? நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன், அதனாலதான் அப்பா என்னைச் சேக்கறதில்லைன்னு நினைச்சுட்டே இருந்தேன். ரொம்ப வருஷம்."

எனக்குப் பேச்சு வரலைங்க. கதவைச் சாத்தினது உண்மைதான். அது அவளுக்குப் பாதுகாப்புன்னுதான் இத்தனை வருஷமும் நினைச்சிருந்தேன். சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம் அஞ்சு வயசுப் பிள்ளை என்ன நினைச்சுட்டு உக்காந்திருக்கும்னு ஒரு நாளும் யோசிக்கலை. தழும்பு என் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. இது தெரியலை. அவனை உக்கார வெச்சு அவளை வெளிய அனுப்பினதுக்கு, யோசிச்சுப் பாத்தா, ஆம்பளப்புள்ளைக்குத் தழும்பு ஆனா யாரும் பேசமாட்டாங்கங்கற நினைப்பும் எனக்குள்ள இருந்திருக்குது. அதையும் எழுதித்தான் ஆகணும்.

"தப்பு என்னுதுதான் கண்ணு. நீ ஒண்ணும் பண்ணலை"ன்னேன். இருபத்தியேழு வருஷம் கழிச்சு.

அவ ஒண்ணும் சொல்லலை. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "நாலாவது ஈடு இருக்குதுல்ல"ன்னு எந்திரிச்சா. பெரியவனைக் கூப்பிட்டா. அவன் கோட்டுக்கு முன்னால நின்னு என்னைப் பாத்தான். நான் சரின்னேன். அவன் கைக்கு மேல தன் கையை வெச்சு, ரெண்டு பேருமா இடுக்கியில மூடியைத் தூக்கினாங்க. தூக்கினதும் அனல் மூஞ்சில அடிச்சுது, அவன் தலையைப் பின்னால இழுத்துக்கிட்டான். "பாத்தியா, தீ தெரியாட்டியும் சூடு இருக்கும். இறக்கி வெச்சாலும் சூடு இருக்கும்"னு அவங்கம்மா சொன்னா. சொல்றப்ப தழும்பு இருக்கற கையை அவனுக்குக் காட்டினா. அவன் விரலால தடவிப் பாத்தான். அதுவரைக்கும் அது எப்படி வந்துச்சுன்னு அவன் கேட்டதே இல்லையாம்.

சின்னவளும் "நானும் நானும்"னு நின்னா. உனக்கு வயசு பத்தாதுன்னு சொல்லிட்டோம். அவ அழுதா. ஆனா கோட்டுக்கு வெளிய எங்க கூடவே உக்காந்துட்டு அழுதா. உள்ள கொண்டுபோய்க் கதவைச் சாத்தலை. நாலாவது ஈடு ஆறுன உடனே முதல் பிஸ்கட் அவளுக்குத்தான் குடுத்தோம், அந்த வறட்டி அளவு ஒண்ணு.

ருசி எப்படின்னு கேப்பீங்க. கடை பிஸ்கட் மாதிரி கரகரன்னு இல்லை. கொஞ்சம் உதிரும். கம்பு வாசனையும் நாட்டுச்சக்கரையும் சேந்து நல்லாவே இருந்துச்சு. எங்க வீட்டுல அம்மா முதல்ல திட்டினாலும் டீ போட்டுட்டு வந்து நாலு தின்னா. பழைய கம்பு மாவை மாட்டுக்குப் போட்டதுக்குத்தான் இன்னும் பேசிட்டு இருக்கா.

பிள்ளைங்களை அடுப்புக்கிட்ட விடணுமா கூடாதான்னு எனக்கு உபதேசம் பண்ணத் தெரியாது. நெருப்பு நெருப்புதான், நான் பட்டவன். எங்க கொண்டுபோய்க் கோடு போடணுங்கறதுதான் எனக்கு லேட்டா விளங்கியிருக்குது. அடுப்பைச் சுத்திப் போட்டிருக்கணும். நான் பிள்ளையைச் சுத்திப் போட்டுட்டேன்.

போன வாரம் மகள் போன் பண்ணினா. குட்டிக் கதவு அப்படியேதான் இருக்குதாம், சின்னவளுக்கு இன்னும் வேணுமே. ஆனா ஞாயித்துக்கிழமை அதைத் திறந்து, பெரியவன் ஸ்டூல் மேல நின்னு மாவு அளக்கறானாம். சின்னவ தரையில உக்காந்து உருட்டறாளாம். "கம்பு தீந்துபோச்சுங்கப்பா, கடைல மாவுதான் கிடைக்குது, கசக்குதுன்னு இவன் வாங்க விடமாட்டேங்கறான்"னா.

அரை மூட்டைக் கம்பு தனியாக் கட்டி வெச்சிருக்கேன். காலாண்டு லீவுக்கு வருவாங்க. அரைக்காமத்தான் வெச்சிருக்கேன்.